மின்சாரப் பானையில் தானியமும் கஞ்சியும்



விடிவதற்கு முன்பே விளக்கெரியும் வீடுகள் நம்முடைய வீடுகள். பெரட்டுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தோடுதான் நம் தாய்மார்களின் நாள் தொடங்குகிறது. பால்மரம் வெட்டப் போகிறவர்களும், செம்பனைக் காட்டுக்குப் போகிறவர்களும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து, தொழிற்சாலைப் பேருந்துக்காக இருட்டிலேயே நிற்கிறவர்களும், புறப்படும் முன் ஒரு வேலையை முடித்துவிட்டே புறப்படுகிறார்கள். அரிசியைக் கழுவி, மின்சாரச் சோற்றுப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டிவிடுவதே அந்த வேலை.

ரைஸ் குக்கர் என்று நாம் எல்லாரும் சொல்லும் அந்தப் பானையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். சோறு ஆக்குவதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், அதே பானையில் ராகியும் தினையும் பார்லியும் வேகுமா? கஞ்சி காய்ச்சலாமா? காய்ச்சினால் அது அணைந்துவிடுமா, வழிந்துவிடுமா? காலையில் ஆக்கிய சோற்றைப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பிற்பகலில் சாப்பிடலாமா? வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் எதைப் பானையில் போடுவது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டால், சோற்றுக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கிவைத்த பானை வீட்டிலுள்ள எல்லாருக்கும் உதவும்.

முதலில், இந்தப் பானை வந்த கதை. நாம் சிறுவர்களாக இருந்த காலத்தில் லயத்து வீட்டின் பின்புறம் விறகடுப்புதான். காய்ந்த ரப்பர் விறகைப் பிளந்து அடுக்கிவைப்பது பிள்ளைகளின் வேலை. பல தோட்டங்களில் மின்சாரம் என்பது, இயந்திரக் கொட்டகையிலிருந்து மாலையில் சில மணி நேரம் மட்டும் வந்து போகும் விருந்தாளி. விளக்கெரிய அது போதும். சோறு ஆக்கப் போதாது. நாள் முழுவதும் மின்சாரம் கிடைத்த பிறகே இந்தப் பானையும் நம் அடுப்படிக்கு வந்தது.

பானை பிறந்த நாடு ஜப்பான். ஜப்பான் என்றதும், 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர்பிடித்த கதையை நம் தாத்தா பாட்டிமார் சொன்னது நினைவுக்கு வரும். அந்தப் போர் முடிந்து பத்தாண்டுகள் கழித்து, 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தானாகவே அணையும் மின்சாரச் சோற்றுப் பானையை தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி யோஷிததா என்பவர். அவருடைய மனைவி பூமிகோ, வீட்டிலேயே மீண்டும் மீண்டும் சோறு ஆக்கிச் சோதித்துப் பார்த்தார். பெண்ணின் உழைப்பைக் குறைக்க வந்த பானைக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது.

அந்த முதல் பானையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. வெளிப் பாத்திரத்தில் அளந்து ஊற்றிய தண்ணீர் ஏறத்தாழ 20 நிமிடத்தில் வற்றிவிடும். வற்றியதும் சூடு ஏறும். சூடு ஏறியதும் மின்சாரம் நிற்கும். இன்று நம் வீடுகளில் இருக்கும் பானையின் அமைப்பு மாறிவிட்டது. ஆனால் அடிப்படை மாறவில்லை. அந்த அடிப்படையைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும்.

உள்பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். சூடேறும் தட்டின் நடுவே, அழுத்தினால் இறங்கி எழும் வட்டமான பொத்தான் ஒன்று இருக்கும். பாத்திரத்தை வைத்ததும் இது அதன் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை எவ்வளவு எரித்தாலும் சூடு அதற்கு மேல் போகாது. அரிசி தண்ணீரை உறிஞ்சி, எஞ்சியது ஆவியாகிப் போனதும், அடிச்சூடு 100 பாகையைத் தாண்டும். அப்போது பொத்தானுக்குள் இருக்கும் காந்தம் தன் பிடியை விட்டுவிடுகிறது. 'டக்'கென்று சுவிட்ச் மேலே எழுகிறது. சோறு ஆகிவிட்டது என்று நாம் எழுந்து போகிறோம்.

ஆகவே நேயர்களே, இந்தப் பானைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் வற்றிவிட்டது என்பது. உள்ளே இருப்பது பச்சரிசியா பார்லியா, வெந்ததா வேகவில்லையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கஞ்சிக்குத் தனிப் பொத்தான் வைத்த புதுமாதிரிப் பானைகளும் கடைகளில் உண்டு. நாம் இங்கே பேசுவது, பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் ஒற்றைச் சுவிட்சுப் பானையைப் பற்றி.

இனி அரிசிக்கு வருவோம். அரிசியில் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற ஓர் அறிவு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுபோகும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய அந்த நோய், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. 1905ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே நோய் பரவவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஜெலுபுப் பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து இதை உறுதிப்படுத்தினார்கள்.

காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடுகிறது. பச்சையாகத் தீட்டிய அரிசியில் அந்தச் சத்து தவிட்டோடு போய்விடுகிறது.

இந்த உயிர்ச்சத்து தண்ணீரில் கரைந்துவிடும் தன்மை உடையது. ஆகவே அரிசியை நான்கைந்து முறை தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம். இரண்டு முறை அலசினால் போதும். வடித்த கஞ்சியை வாய்க்காலில் கொட்டும் பழக்கத்தில் சத்தும் சேர்ந்து போனது. மின்சாரப் பானையில் தண்ணீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே போய்விடுவதால், அந்த இழப்பு இல்லை. "வடிக்காத சோறு சாப்பிட்டால் சர்க்கரை வரும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். வடித்தால் கொஞ்சம் மாவுச்சத்து குறையும் என்பது உண்மையே. ஆனால், தட்டில் நாம் எத்தனை கரண்டி போட்டுக்கொள்கிறோம் என்பதுதான் பெரிய கணக்கு.

இப்போது பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தானியத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்கிறோம். பானையோடு வரும் சிறு குவளை 180 மில்லிலிட்டர் பிடிக்கும். அந்தக் குவளை உடைந்துபோனால் கவலை வேண்டாம். பால் டின்னில் அளந்தாலும் சரி, தானியத்தை அளந்த அதே டின்னில் தண்ணீரையும் அளந்தால் போதும்.

வெள்ளைப் பச்சரிசிக்கு, ஒரு குவளைக்கு ஒன்றே கால் குவளை தண்ணீர். அல்லது பாத்திரத்தில் போட்டிருக்கும் கோடு. அந்தக் கோடு வெள்ளரிசிக்காகப் போடப்பட்டது. மற்றத் தானியங்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

புழுங்கல் அரிசிக்கு, அரை மணி நேரம் ஊறல். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர்.

தவிடு நீக்காத பழுப்பு அரிசிக்கு, ஒரு மணி நேரம் ஊறல், ஒன்றுக்கு இரண்டு.

சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகிய சிறுதானியங்களுக்கு, அரை மணி நேரம் ஊறல். ஒன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை. இவை மிகச் சிறிய மணிகள். கழுவும்போது தண்ணீரோடு ஓடிவிடாமல் வடிகட்டியில் போட்டுக் கழுவுங்கள்.

உடைத்த கோதுமைக்கு, ஊறல் தேவையில்லை, ஒன்றுக்கு இரண்டரை. முதலில் வெறும் சட்டியில் இலேசாக வறுத்துக்கொண்டால் உதிரியாக வரும்.

பார்லிக்கு, இரண்டு மணி நேரமாவது ஊறல், ஒன்றுக்கு மூன்று.

கம்புக்கு, இரவு முழுவதும் ஊறல். மறுநாள் ஒன்றிரண்டாக உடைத்து, ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் விட்டுக் குழைய வேகவிட வேண்டும்.

ஊறல் ஏன் என்று கேட்கலாம். தண்ணீர் வற்றினால் பானை அணைந்துவிடும் என்று சொன்னோம் அல்லவா? தோல் கெட்டியான தானியம் தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே இழுக்கும். அது வேகும் முன்பே தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால், பானை 'டக்'கென்று அணைந்துவிடும். தானியம் நறுக்கென்று பல்லில் கடிபடும். முன்பே ஊறியிருந்தால் பாதி வேலை முடிந்ததாக ஆகிறது. அப்படியும் வேகவில்லை என்றால், அரைக் குவளை வெந்நீர் தெளித்து, மூடி, மறுபடி சுவிட்சை அழுத்துங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கேயும் பொருந்தும். ஒரு மணியை நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அணைந்த பிறகு பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால், மேலும் கீழும் ஒரே பதமாகும்.

பிள்ளைகள் திடீரென்று தினைச்சோறு தின்ன மாட்டார்கள். மூன்று பங்கு அரிசியோடு ஒரு பங்கு தினை அல்லது சாமை சேர்த்துத் தொடங்குங்கள். குழம்பு ஊற்றிவிட்டால் வேறுபாடு அதிகம் தெரியாது. வாரங்கள் போகப் போகத் தானியத்தின் பங்கைக் கூட்டலாம்.

அடுத்தது கஞ்சி. கஞ்சியில் தண்ணீர் வற்றக் கூடாது. தண்ணீர் வற்றாவிட்டால் பானை அணையாது. அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். முதலில் நுரைத்து வழியும், பிறகு கெட்டியாகும், கடைசியில் அடிபிடிக்கும். ஆகவே கஞ்சி காய்ச்சும்போது அணைக்க வேண்டியது நம் கைதான். சுவிட்சை அழுத்திவிட்டுப் பெரட்டுக்குப் புறப்பட்டுவிடுவது சோற்றுக்கு நாம் கண்ட பழக்கம். கஞ்சிக்கு அது ஆகவே ஆகாது. வீட்டில் சிறு பிள்ளைகளை வைத்துவிட்டு, கொதிக்கும் கஞ்சிப் பானையை அவர்கள் பொறுப்பில் விடுவது பெரிய ஆபத்து. கஞ்சிச் சூடு வெந்நீர்ச் சூட்டைவிடக் கொடியது; தோலில் ஒட்டிக்கொள்ளும்.

அரிசிக் கஞ்சிக்கு, ஒரு குவளை அரிசி அல்லது நொய்க்கு எட்டுக் குவளை தண்ணீர். பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் போகக் கூடாது. சிறிய பானையாக இருந்தால் அரைக் குவளை அரிசி போதும். ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். கொதி வந்ததும் மூடியைச் சற்றே விலக்கி, அகப்பைக் காம்பு நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் நன்றாகக் குழைந்துவிடும். இடையில் மூன்று நான்கு முறை அடி தொட்டுக் கிளறிவிட வேண்டும்.

இந்தக் கஞ்சியில் ஊறவைத்த பச்சைப் பயறு ஒரு கைப்பிடி சேர்த்தால் உழைக்கும் உடம்புக்கு வலு. வெந்தயம், பூண்டு, சீரகம் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினால் நோன்புக் கஞ்சியின் வாசம் வந்துவிடும். நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும், பூபோர் லம்போக் காய்ச்சிப் பகிரும் மலாய் அண்டைவீட்டாரும், மோய் காய்ச்சும் சீனர்களும், கஞ்சியைக் குறைந்த உணவாக நினைப்பதில்லை. கஞ்சி என்றால் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்படுகிறவர்கள் நாம்தான். முதல் நாள் இரவே காய்ச்சி, சூடு தணிந்ததும் குளிர்ப்பெட்டியில் வைத்து, அதிகாலையில் கொதிக்கக் காய்ச்சித் தூக்குச்சட்டியிலோ வெந்நீர்க் குடுவையிலோ கொண்டுபோனால், காட்டில் ஒன்பது மணிப் பசியாறலுக்குச் சுடச்சுட இருக்கும். கோப்பியும் ரொட்டியும் தின்று நிரையை முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு ஒரு சொல். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கஞ்சி தொடங்கலாம். ஆனால் மேலே தெளிந்து நிற்கும் கஞ்சித் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பது உணவாகாது. வயிறு நிறையும், உடம்பு ஏறாது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக, பயறும் மசித்த காய்கறியும் சேர்த்து ஊட்ட வேண்டும். பழகியபின் மீனோ முட்டையோ சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். உப்பும் சர்க்கரையும் அந்த வயதில் வேண்டாம்.

இனி ராகி. மாரியம்மன் திருவிழாவில் கூழ் ஊற்றும்போது வரிசையில் நின்று வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே உண்டு. வளரும் பிள்ளைக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் இது நல்ல உணவு.

எங்கள் வீட்டில் முதன்முதலாக மின்சாரப் பானையில் ராகிக் கூழ் வைத்தபோது நடந்ததைச் சொல்கிறோம். மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சுவிட்சை அழுத்திவிட்டுத் துணி காயப்போடப் போனோம். ஐந்தாறு நிமிடத்தில் 'டக்' என்ற சத்தம். அதற்குள் ஆகிவிட்டதே என்று மகிழ்ந்து மூடியைத் திறந்தால், மேலே பச்சைத் தண்ணீர், அடியில் கருகிய அடை! நடந்தது என்னவென்றால், மாவு கனத்தால் அடியில் போய்ப் படிந்துவிட்டது. படிந்த மாவு கெட்டியாகி ஒட்டிக்கொண்டதும் அந்த இடத்தில் சூடு ஏறிவிட்டது. தண்ணீர் வற்றிவிட்டது என்று பானை ஏமாந்து அணைந்துவிட்டது. நாங்களும் அதோடு சேர்ந்து ஏமாந்தோம்.

சரியான முறை இது. ஒரு குவளை ராகி மாவை இரண்டு குவளை தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இரவு முழுவதும் புளிக்கவிடுங்கள். காலையில் அரைக் குவளை நொய்யரிசியை நான்கு குவளை தண்ணீரில் பானையில் போட்டு, மேலே சொன்னபடி குழைய வேகவிடுங்கள். அது நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு கையால் கரைத்த மாவை ஊற்றி, மறு கையால் மரத்துடுப்பால் விடாமல் கிளறுங்கள். மூடி திறந்தே இருக்கட்டும். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கிளறினால் நிறம் மாறி, பளபளப்பு ஏறும். தண்ணீரில் கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். வேலை நாள் காலையில் இதற்கு நேரம் இருக்காது. ஓய்வு நாளில் செய்து ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்து மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக்கொள்ளலாம்.

ராகியைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எங்கள் அத்தை ஒருவருக்குச் சர்க்கரை நோய். யாரோ சொன்னார்கள் என்று சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் பெரிய குவளையில் ராகிக் கூழ் குடித்து வந்தார். ராகியில் சர்க்கரை இல்லை என்பது அவருடைய எண்ணம். மருந்தகத்தில் இரத்தம் சோதித்தபோது சர்க்கரை குறையவே இல்லை. "சோற்றைக்கூடத் தொடவில்லையே, அம்மாடி!" என்று அவர் கண்கலங்கியது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

தானியம் எதுவானாலும் அதில் பெரும்பகுதி மாவுச்சத்தே. அதை நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, கூழாகக் குடித்தால், வயிற்றுக்கு வேலையே இல்லாமல் விரைவில் இரத்தத்தில் சர்க்கரையாக ஏறிவிடும். அதே தானியத்தை முழு மணியாக வேகவைத்து மென்று தின்றால் மெதுவாக ஏறும். ஆகவே சர்க்கரை நோயாளிக்குக் கூழைவிடப் பார்லிச் சோறு, உடைத்த கோதுமைச் சோறு, பழுப்பு அரிசிச் சோறு ஏற்றவை. அவற்றையும் அளவோடுதான் உண்ண வேண்டும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும் என்று மலேசிய சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்ற பெயரில் சொல்லிவருவதைப் பின்பற்றலாம். மாத்திரையையோ ஊசியையோ தாமாக நிறுத்தக் கூடாது.

இதை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. நாட்டின் பெரிய இனங்களில் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிகுதி. நம் லயத்து வரிசையிலோ அடுக்குமாடியிலோ காலை இழந்தவரையோ கண் மங்கியவரையோ அறியாத குடும்பம் அரிது. பானையில் எதைப் போடுகிறோம், தட்டில் எவ்வளவு போடுகிறோம் என்பது அவர்களுடைய காலும் கண்ணும் சம்பந்தப்பட்ட காரியம்.

மற்றொன்று, ஆக்கிவைத்த சோற்றைப் பற்றியது. அதிகாலை நான்கரைக்கு ஆக்கிய சோறு, பிள்ளைகள் பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வரும்வரை பானையில் இருக்கிறது. மின்சாரச் செலவைக் குறைக்க நாம் புறப்படும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். இதில் ஆபத்து உண்டு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் விதைகள் ஒட்டியிருக்கும். கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வருவது இதனால்தான். சோறு கெட்ட வாசம் அடிக்காமலே இப்படி நடக்கலாம்.

இதற்கு மூன்று வழிகள். ஒன்று, சூடு காக்கும் விளக்கு எரிய விட்டுவிடுங்கள். சோறு 60 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் கிருமி பெருகாது. மூடியைத் திறந்தால் ஆவி பறக்க வேண்டும், அதுவே அடையாளம். இரண்டு, சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உண்ணும்போது ஆவி வரச் சூடாக்கிக் கொள்ளலாம். மூன்று, இரண்டும் முடியாத வீட்டில், ஊறவைத்த அரிசியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, வயது வந்த பிள்ளை வீடு வந்ததும் ஆக்கிக்கொள்ளட்டும். வெளியே இருக்கும் சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சு கூறும் விதி.

அப்படியானால் பழைய சோறு கூடாதா என்று கேட்பீர்கள். ஆக்கியதும் சீக்கிரம் ஆறவைத்து, சுத்தமான பாத்திரத்தில், கொதித்தாறிய தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடுவது நம் வழக்கம். காலையில் இதமான புளிப்பு வாசம் இருக்க வேண்டும். வேறு நாற்றமோ, நூல் போன்ற பிசுபிசுப்போ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.

முடிக்கும் முன் பானையின் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறோம். உள்பாத்திரத்தின் அடியை ஈரமில்லாமல் துடைத்தே வையுங்கள். அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பாத்திரம் சரியாக உட்காராது. சோறு ஒரு பக்கம் வேகாமல் போகும். வெளிப்பானையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். அணைந்த சுவிட்ச் மறுபடி எழாமல் இருக்க ஸ்பூனைச் செருகிவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். மூன்று கம்பிப் பிளக்கை நேராகச் சுவரில் செருகுங்கள். ஒரே நீட்டிப்புக் கம்பியில் பானை, கெத்தல், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் மாட்டக் கூடாது.

நேயர்களே, பானை தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். அது அதன் வேலை. தானியத்தையும், நேரத்தையும், உண்ணப் போகிறவர்களின் உடம்பையும் பார்த்துக்கொள்வது நம் வேலை. அந்த வேலையை அம்மா ஒருவர் தலையிலேயே போட வேண்டியதில்லை. தானியத்தை இரவில் ஊறவைப்பதைப் பிள்ளைகள் செய்யலாம். ஓய்வு நாளில் கூழ் கிளறுவதை அப்பா செய்யலாம். மீசையில் கூழ் ஒட்டினால் துடைத்துக்கொண்டால் போயிற்று! இன்று இரவு படுக்கப் போகும் முன், ஒரு கைப்பிடி தினையையோ பார்லியையோ ஊறப்போட்டுப் பாருங்கள். நாளைக் காலைப் பானையில் அது அரிசியோடு சேர்ந்து வேகட்டும்.